குறை கண்ட இடத்தில் கை கொடுங்கள்

தமிழகத்தில் குருநானக் நெறி பயிலும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழகத்தின் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு குருநானக்கின் வழியைக் கற்று வரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லைகளில் நடந்த விவசாயிகள் போராட்டத்தின்போதுதான் உங்களில் சிலர் லங்கர் (எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் பொது உணவு) என்ற சொல்லையே முதலில் கேட்டீர்கள். சிலர் பிறப்பைக் கேட்காத ஒரு வழிபாட்டைத் தேடி வந்தீர்கள். சிலருக்குச் சென்னை ஜி.என். செட்டி சாலை குருத்வாராவிலோ இராமேசுவரம் குருத்வாராவிலோ கிடைத்த ஒரு வேளைச் சாப்பாடு தொடக்கமாக அமைந்தது. தலைப்பாகை கட்டத் தொடங்கியவர்கள் இருக்கிறீர்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். எல்லாரையும் சேர்த்து வைத்தே பேசுகிறேன்.

அண்மைக் காலமாக நம் கூட்டங்கள் முடிந்து கலையும் நேரத்தில் ஒரு பேச்சு வளர்ந்து வருகிறது. அவர் தாடியைக் கத்தரிக்கிறாராம். இவருக்குக் குர்முகியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, எப்படி முன்னால் போய் உட்காருகிறார்? அவர் வீட்டில் இன்னும் சாமிப் படம் மாட்டியிருக்கிறது. இவர் லங்கருக்கு மட்டும்தான் வருகிறார். அமிர்தம் எடுத்து முறைப்படி தீட்சை பெற்றவர் ஒரு தட்டு, கேசம் மட்டும் வைத்திருப்பவர் இன்னொரு தட்டு, முடி வெட்டிய 'மோனா' கடைசித் தட்டு என்று ஆள்களைப் பிரித்து அடுக்கும் பேச்சு இது. பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். புதிதாகக் கண்டெடுத்த நெறியின்மேல் அவர்களுக்கு உண்மையான பற்று இருக்கிறது. அந்தப் பற்றுதான் இப்படித் திரும்பியிருக்கிறது என்பதால்தான் எனக்குக் கவலை.

நான் சொல்ல வந்தது இதுதான்: பிறர் குறை நம் கண்ணில் படுவதை யாராலும் தடுக்க முடியாது. அந்தக் குறையை வைத்து ஓர் ஆளை இன்னார் என்று முடிவுகட்டிவிடுவதைத்தான் குருமார்கள் நோயாகக் கண்டார்கள். குறையைக் கண்டவர் குனிந்து கை கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் வாழ்ந்து காட்டிய வழி.

நாம் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைகூப்பிச் செய்யும் அர்தாஸ் என்னும் வேண்டுதலை எண்ணிப் பாருங்கள். பத்துக் குருமார்களை நினைக்கிறோம். ஐந்து அன்பர்களை, குரு கோபிந்த் சிங்கின் நான்கு பிள்ளைகளை, சமருக்கு அஞ்சாமல் உயிர் கொடுத்தவர்களை நினைக்கிறோம். அந்த வரிசையின் நடுவே, நாமம் ஓதியவர்கள், பகிர்ந்து உண்டவர்கள், அடுப்பை அணையாமல் காத்தவர்கள், வாள் ஏந்தியவர்கள் ஆகியோரோடு தோளோடு தோளாக இன்னொரு கூட்டத்தாரும் வருகிறார்கள். பிறரிடம் குற்றம் கண்டும் அதைக் காணாததாகக் கொண்டவர்கள் அவர்கள். வாளெடுத்துப் போரிட்டவரின் வீரத்துக்கும் அடுத்தவர் குற்றத்தைப் பொறுத்தவரின் வீரத்துக்கும் ஒரே மூச்சில் வணக்கம் சொல்லும் வேண்டுதல் நம்முடையது. அதே அர்தாஸில் பணிந்த மனத்தையும் உயர்ந்த அறிவையும் சேர்த்துக் கேட்கிறோம். அறிவு உயர்ந்துவிட்டது, மனம் மட்டும் பணிய மறுக்கிறது என்றால் வேண்டுதலில் பாதியைத்தான் நாம் உண்மையாகக் கேட்டிருக்கிறோம்.

'நான்' என்னும் முனைப்பைக் குருமார்களின் பாடல்களான குருபாணி 'ஹௌமை' என்கிறது. மனிதனுக்கும் இறைவனுக்கும் நடுவே நிற்கும் சுவர் அது ஒன்றே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. பணம், பதவி, அழகு இவற்றால் வளரும் ஹௌமையை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். பக்தியால் வளர்வதைக் கண்டுபிடிப்பது கடினம். விடியலில் எழுந்து ஜப்ஜி சாகிப் ஓதுகிறவனுக்கு, போர்வைக்குள் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரனைவிடத் தான் ஒருபடி மேல் என்ற எண்ணம் சத்தமில்லாமல் வந்துவிடும். அதன் பிறகு அவன் ஓதும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணத்துக்கே தீனியாகிறது.

குருத்வாராக்களில் விடியற்காலையில் பாடப்படும் ஆசா தீ வாரில் குருநானக் ஓர் இலவ மரத்தைக் காட்டுகிறார். அம்பு போல நிமிர்ந்து, வானளாவிப் பரந்து நிற்கும் மரம். நம்பி வரும் பறவைகளுக்கு அதன் பழத்தில் சுவையில்லை, பூவும் இலையும்கூட உதவுவதில்லை. இலவு காத்த கிளியின் ஏமாற்றத்தைத் தெரிந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நெடுநெடுவென்று வளர்ந்த பக்தி, நம்பி வந்தவனுக்கு ஒரு வாய்க்கு உதவாமல் போகிறது. தராசில் எடையுள்ள தட்டுதான் தாழும் என்றும் அவர் அங்கே நினைவூட்டுகிறார்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மானைக் குறிவைக்கும் வேடனும் உடலை வளைத்துக் குனிகிறான் என்கிறார். நெஞ்சில் அழுக்கை வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்துவதால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். ஐநூறு ஆண்டுகளுக்கு முன்பே போலிப் பணிவை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார். நம் மறைநூலான குரு கிரந்த் சாகிப்பின் முன் நெற்றி தரையில் படும்படி நாம் வணங்குகிறோம். எழுந்து வெளியே வந்ததும் பக்கத்தில் வணங்கியவரைப் பற்றிக் காதோடு காதாகப் பேசினோமானால் அந்தக் குனிவு எந்த வகையைச் சேர்ந்தது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குரு அர்ஜன் இயற்றிய சுக்மணி சாகிப்பை உங்களில் பலர் வீட்டில் ஓதுகிறீர்கள். இருபத்து நான்கு அஷ்டபதிகள் கொண்டது அது. அதில் 12ஆவது பகுதி பணிவைப் பற்றியது. செருக்கோடு இருப்பவர் தம் செருக்காலேயே அழிவதையும் எளியவராக இருப்பவர் அமைதியில் வாழ்வதையும் சொல்கிறது. உடனே அடுத்து வரும் 13ஆவது பகுதி நிந்தையைப் பற்றியது. நல்லோரைப் பழிப்பவருக்கு நேரும் கேடுகளை அடுக்கடுக்காகச் சொல்லும் கடுமையான பகுதி அது. ஆனால் அந்தக் கடுமைக்கு உள்ளேயே, பழித்தவனும் நல்லோர் துணையை நாடி வந்தால் கரையேறுவான் என்ற வாசலையும் குரு திறந்து வைத்திருக்கிறார். பணிவு குறைந்த இடத்தில் நிந்தை முளைக்கிறது. நிந்தித்தவனுக்கும் திரும்பி வர வழி உண்டு. இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால் நான் இங்கே நீட்டி எழுதுவதெல்லாம் அங்கே இருப்பதைக் காண்பீர்கள்.

குருமார்கள் இதைப் பாட்டில் மட்டும் சொல்லவில்லை. குரு அமர்தாஸ் முதிய வயதில், தமக்கு முன் குருவாக இருந்த அங்கத்திடம் வந்து சேர்ந்தவர். கடூரில் குருவின் நீராட்டுக்காக விடியுமுன் பியாஸ் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார் என்பது மரபு. வீடு வாசல் இல்லாத கிழவன் என்று அவரை ஊரார் ஏசியதும் உண்டு. 1552இல் அவர் குருவானபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பீடம் தனக்குக் கிடைக்கவில்லை என்று கொதித்த குரு அங்கத்தின் மகன் தாத்து, குரு அமர்தாஸ் இருந்த கோயிந்தவாலுக்கு வந்து, சங்கம் என்னும் சீக்கியர் சபையின் நடுவிலேயே அவரைக் காலால் உதைத்தார். என் கிழட்டு எலும்பு கடினமானது, உங்கள் காலில் பட்டு வலித்திருக்குமே என்று கேட்டாராம் குரு. பிறகு சண்டைக்கு நில்லாமல் தம் ஊரான பாசர்கேவுக்குப் போய்விட்டார். உதைத்தவனைப் பற்றி அவர் தீர்ப்பு ஏதும் சொன்னதாக மரபில் இல்லை. சீக்கியர்கள்தான் அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள்.

அடுத்து வந்த குரு ராம்தாஸிடம், குருநானக்கின் மூத்த மகனும் துறவியுமான ஸ்ரீசந்த், தாடியை ஏன் இவ்வளவு நீளமாக வளர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, உங்களைப் போன்றவர்களின் பாதங்களைத் துடைக்கத்தான் என்றார் என்பார்கள். ஸ்ரீசந்த் வேறு வழியில் போனவர். உதாசி என்னும் துறவு மரபு அவரிலிருந்து கிளைத்தது. இல்லறத்தில் இருந்துகொண்டே இறைவனை அடையலாம் என்ற குருமார்களின் கொள்கையோடு அவருடைய துறவு ஒத்துப்போகவில்லை. கொள்கையை விட்டுக்கொடுக்காமலே அந்த முதியவருக்கு முன் குருவால் பணிய முடிந்தது. தாடியின் நீளத்தை வைத்து நாம் ஆளை அளக்கும்போது, அந்தத் தாடியை அவர் எதற்கென்று சொன்னார் என்பதை மறக்க வேண்டாம்.

பணிவு என்று சொன்னதும் உங்களில் சிலருக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கும் என்பது எனக்குத் தெரியும். துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு, கை கட்டி நில் என்று தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் பணிவு யாரிடம் கேட்கப்பட்டது? அந்தப் பணிவை உதறிவிட்டுத்தானே இங்கே வந்தோம் என்று நீங்கள் கேட்டால் அது முற்றிலும் நியாயமான கேள்வி. குருவின் வழியில் பணிவு மேலிருந்து தொடங்குகிறது என்பதுதான் என் பதில்.

1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்த்பூரில் நடந்ததைப் பாருங்கள். தலை கொடுக்க யார் வருவீர் என்று கேட்ட குரு கோபிந்த் சிங்கின் முன் எழுந்து நின்ற ஐவரில் லாகூர் கத்ரி ஒருவர், ஹஸ்தினாபுரத்து ஜாட் ஒருவர். மற்றவர்கள் பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர், துவாரகையைச் சேர்ந்த துணி அச்சடிப்பவர், பீதரைச் சேர்ந்த நாவிதர். ஐவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து அமிர்தம் கொடுத்து, சிங் என்ற ஒரே பெயரைச் சூட்டினார் குரு கோபிந்த் சிங். அதன் பிறகு அந்த ஐவரின் முன் தாமே கைகூப்பி நின்று, எனக்கும் அமிர்தம் கொடுங்கள் என்று வேண்டினார். குரு சீடரானார். அதுவரை குனிந்தே பழகியவர்கள் அன்று நிமிர்ந்தார்கள், உயர்ந்த இடத்தில் இருந்தவர் குனிந்தார். அதிகாரத்துக்கு அஞ்சிக் கூனுவதைக் குருமார்கள் எவரிடமும் கேட்கவில்லை. உன்னைவிட இளைத்தவன் என்று நீ நினைப்பவனின் முன் உன்னால் குனிய முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிப் நான்கு பக்கமும் வாசல் வைத்துக் கட்டப்பட்டது. எந்தத் திசையிலிருந்து எவர் வந்தாலும் நுழையலாம். நுழைகிறவர் படியேறிப் போவதில்லை, படியிறங்கித்தான் குளக்கரைக்கு வர வேண்டும். 1604இல் அங்கே எழுந்தருளச் செய்யப்பட்ட, குரு கிரந்த் சாகிப்பின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தில் குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், துணித் தொழில் செய்த நாம்தேவ், நாவிதர் சைன், இறைச்சி விற்றவர் என்று அறியப்படும் சதனா, அரசர் பீபா, குருநானக்குக்கு இரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றிருக்கின்றன. இவர்களில் எவரும் அமிர்தம் எடுத்தவர் இல்லை. சிலர் குருநானக் பிறக்கும் முன்பே மறைந்தவர்கள். நம் கூட்டத்தில் இப்போது புழங்கும் அளவுகோலை வைத்துக்கொண்டு அந்த நூலைத் தொகுத்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள்? நாம் எந்தப் பக்கங்களின் முன் நெற்றியை வைக்கிறோமோ அவற்றில் அவர்களுடைய சொற்களும் இருக்கின்றன. ஆயிரத்து நானூற்று முப்பது பக்கங்களையும் சேர்த்துத்தான் குருவாகக் கொண்டிருக்கிறோம். ஃபரீத்தும் கபீரும் அதில் வற்புறுத்தும் கருத்துகளில் ஒன்று, அறிவுள்ளவன் அடுத்தவர் கணக்கை எழுதுவதை விட்டுத் தன் கணக்கைப் பார்ப்பான் என்பது.

எல்லாருக்கும் வாசல் திறந்திருக்கிறது என்பதை மறந்த காலமும் சீக்கிய வரலாற்றில் இருந்தது. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்து அமிர்தம் பெற்ற சீக்கியர்கள் அமிர்தசரஸில் ஹர்மந்திர் சாகிப்புக்குக் கடாப் பிரசாதம் என்னும் படையலோடு வந்தார்கள். அதை ஏற்க மாட்டோம் என்றார்கள் அன்றைய பூசாரிகள். வாக்குவாதத்துக்குப் பிறகு குருவையே கேட்போம் என்று கிரந்தத்தைத் திறந்தார்கள். தகுதியற்றவரையும் குரு மன்னித்து ஏற்றுக்கொள்வதைச் சொல்லும் பாடல் அங்கே வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. சீக்கியரின் உயர்ந்த அதிகார பீடமான அகால் தக்த்தின் பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். குருத்வாராக்களைச் சங்கத்தின் கைக்குக் கொண்டுவந்த பெரும் இயக்கம் அதையொட்டித்தான் வலுப்பெற்றது. அப்படியும் பஞ்சாபின் பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு என்ற நிலை இன்னும் தொடர்கிறது. பிறப்பை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் தொடங்கும் கேடு எவ்வளவு காலம் வேர்விட்டு நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ் மண்ணில் நாம் தொடங்கும்போதே தாடி, மொழி, ஓதும் திறம் என்று புதிய படிக்கட்டுகளைக் கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா, ரெஹத் என்னும் ஒழுக்க நெறி எதற்கு என்று கேட்பீர்கள். வேண்டும். அமிர்தம் எடுத்தவர் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார், அதை அவர் காக்க வேண்டும். தவறினால் சங்கத்தின் முன் நின்று 'தன்கா' என்னும் தண்டனையை ஏற்க வேண்டும். ஆனால் அந்தத் தன்கா எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவோம். சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்ற ரெஹத் மரியாதாவில் இதற்குத் தெளிவான நெறி இருக்கிறது. மன்னிப்பதில் சங்கம் பிடிவாதம் காட்டக் கூடாது. தவறியவரும் தமக்கு விதித்ததை எதிர்த்து வாதாடக் கூடாது. விதிப்பது ஏதாவது ஒரு சேவையாக, அதிலும் கையால் செய்யும் சேவையாக இருக்க வேண்டும். தவறியவர் தாமே வந்து நிற்கிறார், முகத்துக்கு நேரே பேசுகிறார்கள், பாத்திரம் கழுவவோ செருப்புத் துடைக்கவோ சொல்கிறார்கள், முடித்ததும் மறுபடியும் பந்தியில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் முதுகுக்குப் பின்னான பேச்சில் இவற்றில் ஒன்றாவது உண்டா? அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, அவருடைய பதில் இல்லை, முடிவு தேதியும் இல்லை.

தமிழகத்துக்கு நன்கு அறிமுகமான ஒருவரின் வாழ்விலேயே இதைப் பார்க்கலாம். 1990–91இலும் பின்னர் 2004 முதல் 2011 வரையிலும் நம் ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா, அதற்கு முன் பஞ்சாப் முதலமைச்சர். 1986இல் ஹர்மந்திர் சாகிப் வளாகத்துக்குள் போலீசை அனுப்பியதற்காக அவருக்குத் தன்கா விதிக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் முதலமைச்சர், பதவியில் இருந்துகொண்டே, பக்தர்களின் செருப்புகளைத் துடைத்தார். அவர்மீதான கோபம் அத்தோடு தீரவில்லை. 1988இல் மறுபடியும் அகால் தக்த்தின் முன் வந்து, கழுத்தில் அட்டையோடு தூணில் கட்டப்பட்டு நின்றார். அந்த அரசியலில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் பஞ்சாபில் வாதிடுவோர் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. செருப்பறையில் குனிந்த அதே மனிதர்தான் 1991இல், தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை கொடுக்கும்படி டெல்லியிலிருந்து நெருக்கடி வந்தபோது மறுத்து நிமிர்ந்து நின்றவர். அந்த மறுப்புக்குப் பிறகு பீகாருக்கு மாற்றப்பட்டதும் பதவியையே விட்டு விலகினார். சங்கத்தின் முன் குனிந்ததால் அவருடைய முதுகெலும்பு வளைந்துவிடவில்லை. அந்தக் குனிவோடு அவருடைய கதை முடிந்துவிடவும் இல்லை.

ஒரு மனிதனை அவனுடைய மோசமான நாளோடு முடித்துவிடக் கூடாது என்பதற்கு முக்தசர் சாட்சி. ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங்கோடு முற்றுகைக்குள் இருந்தபோது பசி தாங்காமல் மாஜா பகுதியைச் சேர்ந்த நாற்பது சீக்கியர்கள், இனி நீர் எங்கள் குருவல்ல, நாங்கள் உம் சீடர்களும் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இதைவிடப் பெரிய தவறை ஒரு சீக்கியன் செய்ய முடியாது. ஊரில் மாயி பாகோ என்ற பெண் அவர்களை இடித்துரைத்தார். இடித்துரைத்துவிட்டு வீட்டுக்குள் போகவில்லை, தாமே குதிரை ஏறி அவர்களை அழைத்துக்கொண்டு போர்க்களத்துக்குப் புறப்பட்டார். 1705இல், இன்று முக்தசர் எனப்படும் கித்ரானாக் குளக்கரையில் அந்த நாற்பது பேரும் போரிட்டு வீழ்ந்தார்கள். உயிர் பிரியும் நேரத்தில் அவர்களில் ஒருவரான மகான் சிங் குருவிடம் கேட்டது ஒன்றுதான், அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்று. குரு அதைக் கிழித்துப் போட்டார். அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் அந்தக் காகிதத்தை அவர் கையோடு வைத்திருந்தார் என்பது இந்தக் கதையில் என்னை எப்போதும் அசைக்கும் இடம். இன்று அர்தாஸில் அந்த நாற்பது பேரும் முக்தர்களாக, விடுதலை பெற்றவர்களாக, நினைக்கப்படுகிறார்கள். ஓடிப்போனவர்கள் என்று நாம் எழுதி முடித்திருக்கக்கூடிய பெயர்கள் அவை.

மாயி பாகோவிடம் இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். அவர் தவறைத் தவறென்று சொன்னார், உடனே உடன் நடந்தார். பிறரை எடைபோடாதே என்பதற்குக் கண்ணை மூடிக்கொள் என்று பொருள் கொள்ளும் ஆபத்தும் உண்டு. குருநானக் பாபரின் படையெடுப்பைக் கண்டு மௌனமாக இருக்கவில்லை. சைத்பூரின் அழிவையும் பெண்கள் பட்ட பாட்டையும் பாட்டாகப் பாடி வைத்தார், இறைவனிடமே முறையிட்டார். வலியவன் எளியவனை மிதிக்கும்போது பேசாமல் இருப்பது பணிவாகாது. ஒருவர் வீட்டில் பெண்ணை அடிக்கிறார், சங்கத்தின் பணத்தில் கை வைக்கிறார், சாதி சொல்லி இழிவுபடுத்துகிறார் என்றால் அதை உரக்கச் சொல்லுங்கள், தடுத்து நிறுத்துங்கள், சட்டத்திடம் போங்கள். அதைக் காணாததுபோல் விட்டுவிட அர்தாஸ் யாருக்கும் அனுமதி தரவில்லை. அடுத்தவருக்குத் தீங்கு செய்யும் செயலும், நமக்குப் பிடிக்காத பழக்கமும் வேறு வேறு. கத்தரித்த தாடியால் எவருக்கும் காயமில்லை.

நமக்கு உடன்பாடில்லாதவரிடம் எப்படி நடப்பது என்பதற்குக் குரு தேக் பகதூரைவிடப் பெரிய வழிகாட்டி இல்லை. சிறுவனாக இருந்தபோதே பூணூலை ஏற்க மறுத்தவர் குருநானக். அவர் வழியில் வந்த ஒன்பதாவது குரு, பூணூல் அணியும் காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் நம்பிக்கையைக் காக்க வேண்டி வந்து நின்றபோது, அந்தச் சடங்கு சரியா தவறா என்று தேர்வு வைக்கவில்லை. 1675இல் டெல்லி சாந்தினி சவுக்கில் தம் தலையைக் கொடுத்தார். தாம் கடைப்பிடிக்காத வழக்கத்தைப் பிறர் கடைப்பிடிக்கும் உரிமைக்காக ஒருவர் உயிர் கொடுத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லும் நாம், ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் அவருடைய பாட்டி மாட்டிய சாமிப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாய் கனையாவையும் நீங்கள் அறிவீர்கள். ஆனந்த்பூர்ப் போரில் தோல்பையில் தண்ணீர் சுமந்து, விழுந்து கிடந்தவர்களுக்கெல்லாம் வார்த்தார். எதிரிக்கும் வார்க்கிறான் என்று குரு கோபிந்த் சிங்கிடம் புகார் போனது. புகார் சொன்னவர்களும் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவர்கள்தாம், அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. குரு அவரை அழைத்துக் கேட்டார். எல்லா முகத்திலும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன் என்றார் கனையா. இனிக் காயத்துக்கு இதையும் இடு என்று மருந்தையும் கட்டுத்துணியையும் கொடுத்து அனுப்பினார் குரு. டெல்லி எல்லைப் போராட்டக் களத்தில் தங்களைத் தடுத்து நின்ற போலீசாருக்கும் விவசாயிகள் உணவு பரிமாறியதை நாம் செய்தியில் பார்த்தோம். அது திடீரென்று தோன்றிய பெருந்தன்மை இல்லை. முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வளர்த்த பழக்கம் அது. எதிரில் நிற்பவனுக்கே சோறு உண்டென்றால் லங்கருக்கு மட்டும் வருகிற நம் நண்பருக்கு ஏன் இல்லை? பசிக்கு வருகிறாரா பக்திக்கு வருகிறாரா என்று பந்தியில் எவரும் எவரையும் கேட்பதில்லை. அதற்காகத்தான் பந்தியே வைத்தார்கள்.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது நான்கு.

முதலாவது, கூட்டத்தில் இல்லாத ஒருவருடைய நடை, உடை, ஓதுமுறை பற்றிய பேச்சை இனித் தொடங்க வேண்டாம். வேறொருவர் தொடங்கினால், அவர் வரட்டும், அவரிடமே கேட்போம் என்று சொல்லி நிறுத்துங்கள். சொன்னவரையும் அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இரண்டாவது, ஒருவரிடம் உண்மையிலேயே திருத்த வேண்டியது இருந்தால் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லப் போகும் முன் அவருக்காக நீங்கள் என்ன செய்யத் தயார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குர்முகி தெரியவில்லை என்றால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தலைப்பாகை சரியாகக் கட்ட வரவில்லை என்றால் கட்டிக் காட்டுங்கள். உதவ நேரமில்லாதவருக்குக் குறை சொல்லவும் நேரம் இருக்க வேண்டாம்.

மூன்றாவது, நம்மில் மூத்தவர்கள், நன்றாக ஓதத் தெரிந்தவர்கள், அமிர்தம் எடுத்தவர்கள் செருப்பு அடுக்கும் இடத்திலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் முறை வைத்து நில்லுங்கள். அந்த வேலைகள் புதியவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் என்று ஒதுங்கிவிடத் தொடங்கியிருக்கின்றன. குரு அமர்தாஸ் குடம் சுமந்த வயதில் நம்மில் எவரும் இன்னும் இல்லை.

நான்காவது, நம் அடுத்த கூட்டத்தில் சொற்பொழிவு எதுவும் வேண்டாம். சுக்மணி சாகிப்பின் 12ஆவது, 13ஆவது அஷ்டபதிகளைச் சேர்ந்து ஓதுவோம். தமிழில் பொருள் சொல்லும் பொறுப்பை, நம்மில் மிகக் குறைவாகக் கற்றவர் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பவரிடம் கொடுப்போம். அவருக்குத் தெரியாத இடத்தில் தெரிந்தவர்கள் துணை நிற்கட்டும். நம் பேச்சு காதில் விழுந்து வராமல் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், நேரில் போய்க் கூட்டி வாருங்கள். விளக்கம் கேட்காமல், வருத்தத்தைச் சொல்லிக் கூட்டி வாருங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஓதத் தொடங்குவோம்.

எல்லாருக்கும் நலம் விளையட்டும் என்பதே நம் ஒவ்வொரு அர்தாஸின் முடிவு. அந்த எல்லாரிலும் நாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டவர்களும் உண்டு.

சத் ஸ்ரீ அகால்.

அன்புடன்,
உங்களோடு பந்தியில் அமரும் ஒருவன்